12 மிசின், 40 விண்ணப்பம்: ஊர்க்காசை எந்த முறையில் பிரிப்பது?

வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் சேர்ந்து காசு அனுப்பிவிட்டார்கள். தோட்டம் செய்பவர்களுக்குத் தண்ணீர் இறைக்கும் மிசின் வாங்கிக் கொடுக்கட்டாம். கணக்குப் பார்த்தால் 12 வாங்கலாம், விண்ணப்பமோ 40 வந்திருக்கிறது. இனி என்ன செய்வது?

இந்தக் கேள்வி கொஞ்சம் கொஞ்சம் மாறி யாழ்ப்பாணத்தின் பல பக்கங்களிலிருந்தும் என்னிடம் வருகிறது. ஓரிடத்தில் மிசின், இன்னோரிடத்தில் வலை, வேறோரிடத்தில் மாதர் சங்கத்தின் சுழற்சிக் கடன், சனசமூக நிலையக் கட்டடத்தில் ஒரு கடையறை. எல்லோருக்கும் போதாத ஒன்றை யாருக்கு என்று எல்லோரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும், முடிவெடுத்த பிறகும் அதே ஒழுங்கையில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டும். அதுதான் சிக்கல்.

"நடைமுறை சுத்தமாக இருந்தால் காணும், யாருக்குப் போனால் என்ன" என்று சிலர் சொல்கிறார்கள். "தேவையானவனுக்குப் போய்ச் சேர்ந்தால் காணும், எப்படி முடிவெடுத்தால் என்ன" என்று வேறு சிலர். எனக்கு இரண்டோடும் உடன்பாடில்லை. தகராறுகள் எப்படித் தீர்க்கப்படுகின்றன என்று ஆராய்ந்த ஜோன் திபோவும் லோரன்ஸ் வாக்கரும் 1975இல் காட்டியது இது: தன் பக்கத்தைச் சொல்ல வடிவாக இடம் கிடைத்தவர், தோற்றாலும் அந்த முடிவை நியாயமானது என்று ஏற்பது கூடுதலாக இருக்கிறது. ஆகவே நடைமுறைக்கு மதிப்பு உண்டு. ஆனால் 1982இல் ஜெர்மனியில் வெர்னர் கூத்தும் கூட்டாளிகளும் செய்த பரிசோதனையையும் பாருங்கள். ஒருவரிடம் காசைக் கொடுத்து, அதில் மற்றவருக்கு எவ்வளவு என்று அவரையே சொல்ல விடுகிறார்கள். மற்றவர் மறுத்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை. விதி இருவருக்கும் முன்பே தெரியும், ஒளிவு மறைவு கிடையாது. அப்படியிருந்தும், பின்னர் பல நாடுகளில் இதைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தபோது, ஐந்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ தருகிறேன் என்றால் பலர் அந்தக் காசே வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள். சும்மா வருகிற காசையே உதறுகிறார்கள். "எங்கட பகுதிக்கு ஒண்டுதான் எண்டால் அதையும் நீங்களே வைச்சிருங்கோ" என்று கூட்டத்தில் எழுந்து போகிறவரை நாங்கள் வீம்புக்காரர் என்று சொல்லிவிடுகிறோம். அவர் செய்வது இதைத்தான்.

## முதலில் எதை வைத்து அளப்பது

முறைகளை ஒப்பிட முன்னர் அளவுகோலை முடிவு செய்துவிடுங்கள். எனக்கு ஐந்து முக்கியம்.

கதைக்க இடம். பாதிக்கப்படுகிறவர் முடிவுக்கு முன்னர் தன் நிலையைச் சொல்ல முடிகிறதா? பட்டியலை எழுதி முடித்துவிட்டு "ஆருக்கும் ஏதும் சொல்ல இருக்கோ" என்று கேட்பது, கேட்காமலே விடுவதைவிட மோசம்.

ஒரே அளவு. விண்ணப்பத்தில் பெயரையும் பகுதியையும் மறைத்துவிட்டுப் பார்த்தாலும் இதே முடிவு வருமா?

போய்ச் சேருமிடம். மிசினைக் கையில் கொடுத்துப் படம் எடுக்கிற நாளில் இது தெரியாது. இரண்டு வெங்காயப் போகம் கழிந்த பிறகு பார்க்க வேண்டும். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாய்க்கு ஏறியதே, அன்றைக்கே தெரிந்துவிட்டது மிசின் இருந்தால் மட்டும் தோட்டம் நனையாது என்று. எண்ணெய் அடிக்க வழியில்லாதவருக்கு மிசினை மட்டும் கொடுத்தால் அது விலைப்பட்டுவிடும்.

திருத்த வழி. பிழை நடந்தால் யாரிடம் போய்ச் சொல்வது, எத்தனை நாளுக்குள், சொன்னால் ஏதும் மாறுமா? ஜெரால்ட் லெவந்தால் என்ற உளவியலாளர் 1980இல் நேர்மையான நடைமுறைக்கு ஆறு விதிகள் சொன்னார், அதில் இதுவும் ஒன்று. எங்கள் சங்கங்களில் ஆகக் குறைவாக இருப்பது இதுதான்.

செலவு. நேரம், கடதாசி வேலை, அதற்கும் மேலே முறுகல்.

இந்த ஐந்தையும் பார்க்க நேரமில்லை என்றால் ஒன்றை மட்டும் கேளுங்கள்: கிடைக்காமல் போனவர் அடுத்த பொதுக்கூட்டத்துக்கு வருவாரா?

## கைதூக்கி வாக்கெடுப்பது

இதற்கு நல்ல பரம்பரை உண்டு. 1844இல் இங்கிலாந்தின் ரொச்டேலில் நெசவாளரும் வேறு தொழிலாளரும் தொடங்கிய கடையிலிருந்து கூட்டுறவுக்காரர் பிடித்துக்கொண்ட விதி, ஓர் அங்கத்தவருக்கு ஒரு வாக்கு. இலங்கையில் 1911இல் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டம் வந்தது, எங்கள் கடற்றொழிலாளர் சங்கம், பலநோக்குச் சங்கம் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். 40 பரப்புத் தோட்டம் வைத்திருப்பவருக்கும் 2 பரப்பைக் குத்தகைக்குச் செய்பவருக்கும் ஒரே ஒரு கை. இது சின்ன விசயம் இல்லை.

ஆனால் ஆட்களைத் தெரிவு செய்ய இதைப் பாவித்தால் என்ன நடக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். சங்கத்தில் 200 பேர். கோயிலடியில் 110, பள்ளிக்கூடத்தடியில் 55, தோட்டவெளியில் 35 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு மிசினுக்கும் ஒரு வாக்கெடுப்பு, அவரவர் தங்கள் பகுதிக்காரருக்குக் கை தூக்குகிறார்கள். பன்னிரண்டு தடவையும் 110 கைகள் உயரும். பன்னிரண்டும் கோயிலடிக்கு. கள்ள வாக்கு இல்லை, கூட்டறிக்கை சுத்தம், கணக்குப் பரிசோதகர் வந்தாலும் பிழை பிடிக்க முடியாது. ஆள்தொகைப்படி பிரித்திருந்தால் 7, 3, 2 என்று வந்திருக்கும். தேவைப்படி பார்த்தால் தோட்டவெளிக்கு அதைவிடக் கூட வந்திருக்கலாம். எங்கள் ஊர்களில் பகுதி என்பது பல இடங்களில் சாதியும்தான் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். எண்ணிக்கையில் சிறிய பகுதி ஒவ்வொரு வருடமும் இப்படித் தோற்றால் நாலாம் வருடம் அவர்கள் தனியாக ஒரு சங்கம் பதிவார்கள். ஒரே ஊரில் ஏன் இரண்டு மூன்று சங்கம் என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கை ஒருக்கால் போட்டுப் பார்க்கட்டும்.

இன்னொரு பொறி, வாக்கெடுக்கிற ஒழுங்கு. காசை வீதிக்கா, மிசினுக்கா, வாசிகசாலைக்கா செலவழிப்பது என்று மூன்று தெரிவு. ஊரில் மூன்றில் ஒரு பங்கினர் வீதி, மிசின், வாசிகசாலை என்ற வரிசையில் விரும்புகிறார்கள், இன்னொரு பங்கினர் மிசின், வாசிகசாலை, வீதி என்று, மற்றவர்கள் வாசிகசாலை, வீதி, மிசின் என்று. முதலில் வீதியா மிசினா என்று கேட்டால் வீதி வெல்லும், பிறகு அதை வாசிகசாலையோடு விட்டால் வாசிகசாலை வெல்லும். முதலில் வாசிகசாலையா வீதியா என்று கேட்டுவிட்டு, வென்றதை மிசினோடு விட்டால் மிசின் வெல்லும். ஆட்களும் அவர்களே, விருப்பமும் அதே, முடிவு மட்டும் தலைகீழ். கொண்டோர்சே என்ற பிரெஞ்சுக்காரர் 1785இலேயே இதைக் கண்டு எழுதிவிட்டார். மூன்று தெரிவோ அதற்கு மேலோ வந்தால், சாதாரணமாக நாங்கள் எதிர்பார்க்கிற சில நிபந்தனைகளை எல்லாம் ஒருங்கே நிறைவேற்றும் வாக்குமுறை கிடையாது என்று 1951இல் கென்னத் அரோ என்ற பொருளியலாளர் கணிதமாகவே நிறுவினார். ஆகவே நிகழ்ச்சி நிரலை எழுதுகிற செயலாளரின் கையில் பாதி முடிவு இருக்கிறது, அது அவருக்கே தெரியாமலும் இருக்கலாம்.

அப்புறம் கை தூக்குவது. கடைக்காரரிடம் கொப்பிக் கணக்கில் கடன் உள்ளவர், அவர் பார்த்துக்கொண்டிருக்க அவருக்கு எதிராகக் கை தூக்குவாரா? வாக்கெடுப்பதென்றால் துண்டில் எழுதி மடித்துப் போடுங்கள். கூட்டம் எங்கே என்பதையும் பாருங்கள். ஒரு பகுதியார் உள்ளே வரக் கூச்சப்படுகிற மண்டபத்தில் கூட்டம் வைத்துவிட்டு "வராதவையின்ர பிழை" என்று சொல்வது நியாயமில்லை.

வாக்கெடுப்புப் பொருந்துகிற இடம், விதிகளை முடிவு செய்வது. இந்த வருடம் எதற்குச் செலவு, எந்தத் தகுதிக்கு எத்தனை புள்ளி என்பதை எல்லாம், யார் விண்ணப்பிக்கப் போகிறார்கள் என்று தெரிய முன்னர், வாக்குக்கு விடுங்கள். பெயர்களை விடாதீர்கள்.

## எல்லோரும் ஒத்துக்கொள்ளும்வரை கதைப்பது

பத்துப் பதினைந்து பேர் சேர்ந்த குழு என்றால் இதைவிட நல்ல முறை இல்லை. ஒரு கிணற்றுக்குப் பங்காளிகள் ஆறு பேர் இருந்து கதைத்து எடுக்கிற முடிவு, எந்த வாக்கெடுப்பையும்விட நிலைக்கும்.

கூட்டம் பெருக்க இது கெட்டுப்போகிறது. பேச வாயில்லாதவரின் மௌனம் சம்மதமாக எழுதப்படுகிறது. கடைசிவரை மறுத்துக்கொண்டிருப்பவர் விலை பேசத் தொடங்குகிறார். ஆறு மணிக்கு மேல் இருக்க முடியாமல் ஆடு கட்டவும் சமைக்கவும் போகிற பெண்கள் இல்லாமல், இருந்து முடித்தவர்களின் "ஒருமித்த" முடிவாகிவிடுகிறது. இருபது பேருக்கு மேல் என்றால் நான் இதைச் சொல்ல மாட்டேன்.

## நிர்வாகசபையிடம் விடுவது

கெதியான முறை. 2008 நவம்பரில் நிஷா புயலோடு வந்த மழையில் ஊர்கள் வெள்ளத்தில் நின்றபோது, யார் வீட்டில் உலர்ந்த பாய் இல்லை என்று புள்ளி போட்டுக்கொண்டிருக்க முடியாது. தெரிந்த நாலு பேர் ஓடித் திரிந்து கொடுக்க வேண்டியதுதான். ஊரைத் தெரிந்தவருக்குக் கடதாசியில் வராத விசயமும் தெரியும், வெளியே ஓடு போட்ட வீடு, உள்ளே அடுப்பு எரிவதில்லை என்பது போல.

மறைந்த செலவு, காரணம் சொல்லாமை. நிர்வாகசபை நேர்மையாகவே முடிவெடுத்திருந்தாலும், பட்டியலில் பொருளாளரின் மச்சாள் பெயர் இருந்தால் அந்த நேர்மையை யாரும் நம்ப மாட்டார்கள், நம்பச் சொல்லி வற்புறுத்தவும் முடியாது. ஆகவே நிர்வாகசபைக்கு விடுவதென்றால் மூன்று கட்டுப்பாடு: உறவினர் விண்ணப்பித்தால் அவர் அந்த அமர்வில் இருக்கக்கூடாது, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு வரிக் காரணம் எழுத வேண்டும், இவ்வளவு தொகைக்கு மேல் தொடக்கூடாது.

இதோடு சேர்த்து, காசு அனுப்பியவர். கனடாவிலிருந்தோ சுவிசிலிருந்தோ அனுப்புகிறவர் "எதற்கு" என்று சொல்லலாம், அது அவர் உரிமை. "ஆருக்கு" என்று தொலைபேசியில் சொல்லத் தொடங்கினால் ஊர்க்கூட்டம் வெறும் ஒப்பனை. தன் மாமிக்கு ஒரு மிசின் கொடுக்க விரும்பினால் மாமிக்கு நேரே வாங்கி அனுப்பட்டும், அதில் யாருக்கும் முறைப்பாடு இல்லை. காசை வாங்க முன்னரே இதைச் சொல்லிவிடுவது நல்லது.

## புள்ளி போட்டுத் தேவை பார்ப்பது

தேவையானவருக்குப் போக வேண்டும் என்றால் இதுதான் நேர் வழி. குத்தகை நிலமா சொந்த நிலமா, ஏற்கெனவே மிசின் இருக்கிறதா, உழைக்கிற ஆள் எத்தனை, பிழைப்புக்கு வேறு வழி உண்டா. ஒவ்வொன்றுக்கும் புள்ளி, கூட்டினால் வரிசை. பெயரை மறைத்துப் பார்க்கிற அளவுகோலில் இதற்கு முழு மதிப்பெண்.

ஆனால் புள்ளிகளை வகுக்கிற இடத்திலேயே அநியாயம் நுழைந்துவிட முடியும். குடும்பத்தில் ஆள் கூடினால் புள்ளி கூடும் என்று எழுதினீர்களானால், தனியே இருக்கிற வயதான பெண் எப்போதும் கடைசியில்தான் நிற்பார். "பெண் தலைமைக் குடும்பம்" என்றதற்குக் கணவரின் இறப்புச் சான்றிதழ் கேட்டால், கணவர் காணாமற்போனவராக இருக்கும் பெண் அந்தச் சான்றிதழை எங்கே போய் எடுப்பார்? பலர் எடுக்கவே மறுக்கிறார்கள், அது அவர்களுக்குக் கணவரைத் தாங்களே சாகடித்த மாதிரி. காணாமற்போனவர் என்றே பதிந்து ஒரு சான்றிதழ் கொடுக்க 2016இல் சட்டம் கொண்டு வந்தார்கள். அந்தச் சான்றிதழை எடுக்கவும் மனம் வராதவர்கள் உண்டு. உங்கள் புள்ளிப் படிவத்தில் "விதானையாரின் (கிராம அலுவலரின்) உறுதிப்படுத்தல் காணும்" என்று ஒரு வரி சேர்த்தால் தீர்கிற பிரச்சினை இது. சேர்க்காவிட்டால், படிவம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்று சொல்லிக்கொண்டே அந்தப் பெண்ணை வெளியே விட்டிருப்பீர்கள்.

பெரிய அளவில் நடந்ததையும் பார்க்கலாம். சமுர்த்திக்குப் பதிலாக 2023இல் வந்த அரசின் உதவிக் கொடுப்பனவான அஸ்வெசும, 22 குறிகாட்டிகளை வைத்துக் குடும்பங்களைத் தரப்படுத்தியது. முதல் பட்டியல் வெளிவந்ததும் நாடு முழுக்க லட்சக்கணக்கில் மேன்முறையீடு. பிரதேச செயலகங்களின் வாசலில் நின்ற வரிசையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். குறிகாட்டி கூடினால் நியாயம் கூடும் என்று நினைக்கிறோம், உண்மையில் கூடுவது, தன் புள்ளி எப்படி வந்தது என்று கணக்கிட முடியாத ஆட்களின் தொகை. போருக்குப் பிறகு வந்த இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபாய் கட்டம் கட்டமாக வந்தது, கட்டுவது பயனாளியின் பொறுப்பு. கையில் கொஞ்சம் இருந்தவர் கட்டி முடித்தார், விலைவாசி ஏற ஏற மிச்சத்துக்குக் கடன் வாங்கியவர்களும் இருந்தார்கள். பட்டியலில் பெயர் வருவதோடு நியாயம் முடிவதில்லை என்பதற்கு இதைச் சொல்கிறேன்.

ஊர் அளவில் ஐந்தாறு கேள்விக்கு மேல் வேண்டாம். விண்ணப்பதாரர் தன் புள்ளியைத் தானே கூட்டிப் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். புள்ளிகளை அறிவித்தல் பலகையில் போடுவதா என்று கேட்கிறார்கள். மொத்தப் புள்ளியைப் போடுங்கள், வீட்டு விவரத்தைப் போடாதீர்கள். வறுமையை நிரூபிக்கச் சொல்லி ஊருக்கு முன்னால் நிறுத்துவதும் ஒரு செலவுதான், அதைக் கொடுப்பது எப்போதும் வறியவர்.

## திருவுளச்சீட்டு

கோள் சொல்ல முடியாத முறை. சீட்டுக்குச் சொந்தம் இல்லை, சாதி இல்லை, கடன்காரன் இல்லை. தோற்றவருக்கு "என்னைத் தெரிஞ்சு விட்டிட்டினம்" என்ற எண்ணம் வராது. முறுகல் ஆகக் குறைவு.

எங்களுக்கு இது புதிதும் இல்லை. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில், 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், உத்திரமேரூரில் வெட்டிய கல்வெட்டு, ஊர்ச்சபைக் குழுக்களுக்கு ஆள் எடுக்கும் குடவோலை முறையை விவரமாகச் சொல்கிறது. 30 குடும்பு (ஊர்ப் பிரிவு), ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு, ஒன்றும் அறியாத சிறுவனைக் கொண்டு எடுப்பிப்பது. முந்திய 3 ஆண்டுகளுக்குள் பதவியில் இருந்தவர் பெயர் போடக்கூடாது, கணக்குக் காட்டாமல் போனவர் மட்டுமில்லை அவருடைய உறவினரும் கூடாது. எங்கள் சங்க யாப்புகளில் இந்த இரண்டையும் எழுதினால் எவ்வளவு நன்றாக இருக்கும். ஆனால் அதே கல்வெட்டு, பொதுவாகக் கால் வேலிக்கு (வேலி ஒரு நில அளவு) மேல் வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் இருப்பவரின் பெயரைத்தான் குடத்துக்குள் விட்டது. அது பிராமணர் ஊர்ச்சபை. நிலமில்லாதவர் குடத்தின் பக்கமே வரவில்லை. நீர்கொழும்புக் களப்பில் கட்டுவலைக்காரர் இறால் பிடிக்கும் இடங்களைச் சீட்டுப் போட்டுத்தான் பிரிக்கிறார்கள், தலைமுறைகளாக நடக்கிறது. அங்கேயும் சங்கத்தில் சேரப் பரம்பரைத் தொடர்பு வேண்டும்.

ஆகவே குலுக்கலின் நேர்மை குலுக்குகிற நேரத்தில் இல்லை, எந்தப் பெயர்கள் உள்ளே போகின்றன என்பதில் இருக்கிறது. 40 பெயரையும் அப்படியே போட்டால் ஆளுக்கு 30 வீத வாய்ப்பு, வீட்டில் ஏற்கெனவே இரண்டு மிசின் வைத்திருப்பவருக்கும் அதே 30, வாளியால் அள்ளி ஊற்றுகிறவருக்கும் அதே 30. முதலில் தகுதி பார்த்து 20 ஆக்கிவிட்டுப் போட்டால் ஒவ்வொருவருக்கும் 60. தேவை கூடினவருக்கு இரண்டு துண்டு போடலாம் என்றும் சிலர் செய்கிறார்கள், பிழையில்லை, முன்கூட்டியே அறிவித்தால் சரி.

ஒரு குறை உண்டு. சீட்டில் கதைக்க இடம் கிடையாது. "எனக்கு ஏன் இல்லை" என்று கேட்டால் சொல்வதற்குப் பதில் இல்லை. தேவை பளிச்சென்று வேறுபடுகிற இடத்தில் சீட்டுப் போடுவது, முடிவெடுக்கிற பொறுப்பிலிருந்து நழுவுவதாகும்.

## ஏலம்

மீன் சந்தையில் கூறி விற்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள், ஏலம் எங்களுக்கு இயல்பு. சங்கத்துக் காணியின் தேங்காய்க் குத்தகை, கடையறை வாடகை போன்றவற்றுக்கு இதுதான் சரி. கூடக் கேட்பவருக்குக் கொடுத்தால் காசு பொதுவுக்கு வருகிறது, நிர்வாகசபைக்கு வேண்டியவர் அரை விலைக்கு எடுத்துக்கொண்டு போவதும் நிற்கும்.

உதவிப் பொருளை ஏலம் விடுவது வேறு விசயம். கழிவு போட்டு எடுக்கும் சீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். 20 பேர், மாதம் 5,000 ரூபாய், மொத்தம் 100,000. மகளின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு அவசரமாகத் தேவைப்பட்டவர் 20,000 கழித்து 80,000க்கு எடுக்கிறார். அந்த 20,000 எல்லோருக்கும் ஆயிரம் ஆயிரமாகப் பிரிகிறது. விரும்பித்தான் எடுத்தார், யாரும் வற்புறுத்தவில்லை, விதி எல்லோருக்கும் ஒன்று. ஆனாலும் அவசரப்பட்டவரின் 20,000இல் அவருக்கே திரும்பி வரும் ஆயிரம் போக 19,000, அவசரமில்லாதவர்களின் பைக்குள் போனது. கேட்கிற வல்லமை சமமாக இல்லாத இடத்தில் ஏலம் தேவையை அளக்காது, கையில் உள்ளதைத்தான் அளக்கும். நுண்கடன் நிறுவனங்களிடம் வாரக் கட்டுப்பணம் கட்டிக் களைத்த பெண்கள் இருக்கிற ஊரில் இதை நான் விளக்கத் தேவையில்லை.

## முறை வைப்பது

ஒருவர் மாறி ஒருவர் பாவிப்பது. பகிர்ந்து பாவிக்கக்கூடிய பொருள் என்றால் முதலில் இதைத்தான் யோசிக்க வேண்டும், ஏனோ கடைசியாகத்தான் ஞாபகம் வருகிறது. வற்றாத ஆறில்லாத குடாநாட்டில் தோட்டம் செய்தது கிணற்றை நம்பித்தான். உறுதிகளில் நிலத்தோடு கிணற்றுப் பங்கையும் வழி வாய்க்காலையும் எழுதி வைத்த ஆட்கள் நாங்கள். இன்னின்ன நாள் இன்னாருக்கு இறைப்பு என்று முறை வைத்துத் தண்ணீரைப் பிரித்தோம். கரைவலைக்காரர் ஒரே பாட்டில் (வலை வளைக்கும் கரையிடத்தில்) முறை போட்டு வளைப்பதும் இதுதான்.

துருக்கியில் அலன்யா என்ற ஊர் மீனவர் செய்ததை எலினோர் ஒஸ்ட்ரொம் எழுதியிருக்கிறார், 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். ஒவ்வொரு செப்டெம்பரிலும் மீன்பிடி இடங்களுக்குச் சீட்டுப் போட்டார்கள். ஆனால் கிடைத்த இடத்தில் வருடம் முழுக்க இருக்கவில்லை. ஜனவரி வரை ஒவ்வொரு நாளும் ஓரிடம் கிழக்கே நகர்ந்தார்கள், பிறகு மேற்கே. நல்ல இடமும் கெட்ட இடமும் எல்லோருக்கும் வந்தது. இடம் மாறி நிற்பவரைத் தன் முறைக்கு வருகிறவரே கண்டுபிடித்துவிடுவார், காவலுக்கு ஆள் தேவைப்படவில்லை.

மறைந்த செலவு பராமரிப்பு. மூன்று குடும்பத்துக்கு ஒரு மிசின் என்றால் பிளக் மாற்றுவது யார், எண்ணெய் விடாமல் ஓட்டி எரித்தது யார்? எல்லோரும் ஒரே கிழமையில் இறைக்க வேண்டிய பயிருக்கு முறை பொருந்தாது. பக்கத்துப் பக்கத்துக் காணி, ஏற்கெனவே ஒரு கிணற்றைப் பங்கு போடுபவர்கள் என்றால் நன்றாகப் பொருந்தும்.

சமமாகப் பிரிப்பதைப் பற்றியும் கேட்கிறார்கள். 12 மிசினின் காசை 40 ஆகப் பிரித்தால் ஆளுக்கு மூன்றில் ஒரு மிசினுக்கும் காணாது, அடுத்த மாதம் ஊரில் ஒரு மிசினும் இருக்காது. நிவாரணச் சாமானுக்குச் சரி, இதற்குச் சரிவராது.

## ஒரே பார்வையில்

| முறை | கதைக்க இடம் | ஒரே அளவு | தேவைக்குப் போகுமா | திருத்த வழி | மறைந்த செலவு | எப்போது |
|---|---|---|---|---|---|---|
| வாக்கு | உண்டு, எண்ணிக்கை உள்ளவருக்கு | உண்டு | சிறு பகுதிக்குப் போகாது | அடுத்த கூட்டம் | ஊர் பிரியும் | விதி வகுக்க |
| ஒருமித்த முடிவு | சிறு குழுவில் நிறைய | இல்லை | போகலாம் | கதைத்து மாற்றலாம் | நேரம், மௌனம் | 15 பேருக்குள் |
| நிர்வாகசபை | குறைவு | இல்லை | ஆளைப் பொறுத்தது | பெரும்பாலும் இல்லை | நம்பிக்கை | அவசரத்துக்கு |
| புள்ளி | படிவம் அனுமதிக்கும் அளவு | முழுதாக | ஆகக் கூட | வைத்தால் உண்டு | கடதாசி, கூச்சம் | தேவை வேறுபடும்போது |
| திருவுளச்சீட்டு | இல்லை | முழுதாக | தற்செயல் | தேவையில்லை | காரணமின்மை | தகுதி சமமாகும்போது |
| ஏலம் | காசுக்கு மட்டும் | உண்டு | போகாது | இல்லை | வறியவர் கட்டுவது | வாடகை, குத்தகை |
| முறை வைப்பது | உண்டு | உண்டு | போகும் | ஒவ்வொரு சுற்றிலும் | பராமரிப்பு | பகிரக்கூடிய பொருள் |

## சரி, அந்த 12 மிசினுக்கு?

ஒரு முறையை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். விண்ணப்பம் கோர முன்னரே, ஏற்கெனவே வந்துவிட்டதென்றால் அவற்றைப் பார்க்க முன்னரே, பொதுக்கூட்டம் வைத்து, ஐந்தாறு கேள்விகளையும் புள்ளிகளையும் மறைவான வாக்கால் முடிவு செய்யுங்கள். எந்தப் பகுதியும் ஒன்றுமில்லாமல் போகாதபடி ஒரு குறைந்தபட்சமும் அப்போதே எழுதிவிடுங்கள். மூன்று பகுதியிலிருந்தும் ஒவ்வொருவர், விண்ணப்பிக்காத ஆட்கள், வீடு வீடாகப் போய்ப் பார்த்துப் புள்ளி போடட்டும். விண்ணப்பித்தவர் தன் கதையைச் சொல்வது அங்கேதான், ஆகவே அவசரப்படாமல் இருந்து கேட்க வேண்டும். பக்கத்துக் காணிக்காரர் சேர்ந்து ஒரு மிசினுக்கு விண்ணப்பிக்க விரும்பினால் அதற்கும் இடம் விடுங்கள்.

புள்ளி வந்த பிறகு தெளிவாக மேலே நிற்கிற 7 பேருக்கு நேரே கொடுங்கள். அதற்குக் கீழே ஒன்றிரண்டு புள்ளி வித்தியாசத்தில் ஒரு பதினைந்து பேர் நெருக்கியடித்து நிற்பார்கள். அந்த ஒன்றிரண்டு புள்ளி உண்மையான வித்தியாசம் இல்லை, பார்க்கப் போனவரின் கண்ணின் வித்தியாசம். அவர்களுக்குள் திருவுளச்சீட்டுப் போட்டு 4 பேரை எடுங்கள், ஐந்தாவது பெயரையும் எடுத்து எழுதி வையுங்கள். ஒரு பகுதிக்குக் குறைந்தபட்சம் வராவிட்டால் அந்தப் பகுதியின் பெயர்களை முதலில் குலுக்குங்கள்.

பன்னிரண்டாவது மிசினை அன்றைக்குக் கொடுக்காதீர்கள், அது சங்கத்தில் பூட்டியபடி இருக்கட்டும். பட்டியலைப் பலகையில் போட்டு முறைப்பாட்டுக்கு 14 நாள் கொடுங்கள், முறைப்பாட்டை விசாரிப்பவர்கள் புள்ளி போட்டவர்களாக இருக்கக்கூடாது. கொடுப்பதற்குக் கையில் ஒன்றும் இல்லாமல் முறைப்பாடு கேட்டால், பிழை என்று தெரிந்தாலும் அனுதாபம் சொல்லித்தான் அனுப்ப வேண்டி வரும். ஒருவரின் முறைப்பாடு சரி என்றால் மிசின் அவருக்கு. இரண்டு பேருடையது சரியென்றால் புள்ளி கூடினவருக்கு மிசின், மற்றவர் அடுத்த முறைப் பட்டியலில் முதலாவது என்று கூட்டறிக்கையில் எழுதிக் கையொப்பம் வையுங்கள். யாரும் வரவில்லை என்றால் 15ஆம் நாள் காலை, எழுதி வைத்த அந்த ஐந்தாவது பெயருக்குரியவரைக் கூப்பிட்டுக் கொடுத்துவிடுங்கள்.